இரண்டாவது முகடு

வெங்கடேஷ் இறந்து பல மாதங்கள் ஆகியும் அவருடைய ஸ்வெட்டர் உணவுச் சோதனை ஆய்வகத்தின் கருவி அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம். இடது முழங்கையில் நூல் பிரிந்திருந்தது. போர்ட் பிளேரில் ஸ்வெட்டர் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் கடல் தாண்டிய மெயின்லேண்ட் பயணத்துக்கென்று பெட்டியின் அடியில் போட்டு வைத்திருப்பார்கள். தினமும் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவர் வெங்கடேஷ் ஒருவர்தான். தெற்கே ஹட் பே துறைமுகத்திலிருந்து மீன் மாதிரிகளை எடுத்துக்கொண்டு கப்பலில் திரும்பும்போது அவருக்கு நெஞ்சு வலி வந்தது. கப்பல் கரையைத் தொட்டபோது உயிர் இல்லை. ஸ்வெட்டரை எடுத்து எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அது அங்கேயே இருந்துவிட்டது.

அவருடைய இடத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவள் சங்கவி. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். காலையில் அவள் சொல்லும் குட்மார்னிங் ஆய்வகத் தலைவர் முத்துகிருஷ்ணன் காதுக்குப் போய்ச் சேராது. "என்னம்மா?" என்று அவர் தினமும் கேட்பார். அவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஸ்வெட்டர் ஒருமுறை ஆடி அடங்கும்.

பழைய முடிவுகளில் சிலவற்றைத் திரும்பச் சோதித்துப் பார்க்கச் சொல்லி மெயின்லேண்ட் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. அதில் ஒன்று வண்டூர்க் கருவாடு. வண்டூரில் கண்ணம்மா என்பவரும் இன்னும் சில பெண்களும் ஒரு கொட்டகை போட்டுச் சூரை மீனைத் தேங்காய் மட்டைப் புகையில் காய வைத்து விற்கிறார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில் வெயிலை நம்பிக் கருவாடு போட முடியாது. ஆனால் புகை என்றால் அதில் பென்சோபைரீன் என்ற வேதிப்பொருள் இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. அதே அணுக்கள், அதே எடை. உருவம் மட்டும் வேறு. ஒன்று ஒல்லியாக நீண்டது, புற்றுநோயை உண்டாக்குவது. அதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. மற்றது சற்று அகலமானது, அதற்கு வரம்பு கிடையாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கருவாடு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

வெங்கடேஷ் பிரித்திருந்தார். பொருளுக்கு ஒரு முகடாகக் கருவி வரைந்து தரும் அவருடைய வரைபடத்தில் இரண்டு முகடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முன்னால் பெரியது, தீங்கில்லாதது. பின்னால் சின்னது, கெட்டது, வரம்புக்குள் அடங்கியது. அந்தத் தாளை வைத்துத்தான் கொட்டகைக்கு அனுமதி கிடைத்தது.

உறைபெட்டியில் மிச்சம் வைத்திருந்த அதே மாதிரியை எடுத்து, அதே கருவியில், பொருள்களைப் பிரித்து அனுப்பும் அதே குழாயில், அதே முறையில் சங்கவி ஓட்டினாள். ஒரு முகடுதான் வந்தது. கரைப்பானைப் புதிதாகக் கலந்து ஓட்டினாள். ஒன்றுதான். அந்த ஒன்றை முழுவதும் கெட்டது என்று எடுத்துக்கொண்டால் அந்தக் கருவாட்டை யாரும் வாயில் வைக்கக்கூடாது.

முத்துகிருஷ்ணன் இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணம்மா யாருன்னு தெரியுமில்ல? வெங்கடேஷோட பொண்டாட்டி ஷோபாவுக்கு கூடப் பிறந்த அக்கா."

சங்கவிக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். சின்ன ஊரில் யாராவது யாருக்காவது உறவாகத்தான் இருப்பார்கள். இதுவரை அதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

"தெரிஞ்ச பொருளைத் தோடா, ஒரு சொட்டு, கலந்துவிட்டா இன்னொரு பீக் எழும்பிடும்," என்றார் அவர். "செஞ்சிருப்பான்னு நான் சொல்லல. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும்."

"என்ன எழுதணும் சார்?"

"நடந்ததை எழுது. திரும்ப வரலேன்னு எழுது. மிச்சத்தை அவங்க எழுதிப்பாங்க."

மிச்சம் என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. ஜோடித்தார் என்று எழுதுவார்கள். இறந்தவரால் வந்து மறுத்துச் சொல்ல முடியாது. அவளுடைய சுத்தமான வேலைதான் அவருக்கு எதிரான சாட்சி.

மறுநாள் ஷோபா வந்தாள். செய்தி வண்டூர் வரைக்கும் போய்விட்டிருந்தது. நேராக அறைக்குள் வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"நீங்கதானே அவரு சீட்டுக்கு வந்தவங்க?"

"ஆமா அக்கா."

"எங்க அக்காவுக்காக அவரு பொய்யா எழுதினார்னு பேசிக்கிறாங்க. நெஜமா?"

சங்கவி தரையைப் பார்த்தாள். "எனக்கு ஒரு பீக்தான் வருது."

"அவருக்கு ரெண்டு வந்துச்சு."

"ஆமா."

"அப்போ?"

ஷோபா கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு, "அவரு சாமானை எடுத்துட்டுப் போறேன். இங்க இருந்தா அதையும் ஏதாவது சொல்லுவீங்க," என்று ஆணியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். உதவியாளர் குணா மேசை இழுப்பறையைத் திறந்து கொடுத்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், வெங்கடேஷுக்குச் சாப்பாட்டுத் தோழன். உள்ளே ஒரு சீப்பும் ஒரு சின்ன தேங்காய் எண்ணெய்ப் புட்டியும் இருந்தன.

"சாப்பிட்டதும் தலை சீவாம உக்கார மாட்டான்," என்றார் குணா. "மெஷின் முன்னாடி மாப்பிள்ளை மாதிரி இருக்கணும் அவனுக்கு."

ஷோபா சிரிக்கவில்லை. புட்டியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய் தெளிவாக இருந்தது.

"இது நல்ல எண்ணெய். முன்னாடி ஒரு தடவை, வீட்டுல தீர்ந்துபோச்சுன்னு இங்கேருந்து ஒரு புட்டியைத் துண்டுல நல்லா சுத்திக் கொண்டு வந்தாரு. பையைத் திறந்தா வெள்ளையா கட்டியா கிடக்கு. மெழுகைக் கலந்துட்டாங்கன்னு நான் அப்படியே குப்பையில போட்டேன். கடைக்காரன்கிட்டயும் சண்டை போட்டேன். இவரு ஒண்ணும் சொல்லாம சிரிச்சுக்கிட்டே இருந்தாரு."

வண்டூரில் பிறந்து வளர்ந்தவள். தேங்காய் எண்ணெய் உறைந்து அவள் பார்த்ததே இல்லை. அந்தத் தீவுகளில் அது உறையும் அளவுக்கு எந்த மாதமும் குளிராது.

ஷோபா போன பிறகும் சங்கவி அந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தேங்காய் எண்ணெய் கல்லாகக் கட்டுகிறது என்றால் இந்த அறை அப்போது நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அந்த ஸ்வெட்டர் வேடிக்கைக்குப் போட்டது இல்லை. இப்போது ஏ.சி.யை இருபத்தாறுக்குக் கீழே வைக்கக்கூடாது என்று மின்சாரச் சிக்கன உத்தரவு சுவரில் ஒட்டியிருக்கிறது. அவர் காலத்தில் அது இல்லை.

ஆனால் அறை குளிர்ந்தால் என்ன? முகடுகளைப் பிரிக்கும் குழாய் அறைக் காற்றில் இருப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு சூட்டுப் பெட்டி இருக்கிறது, ஓவன் என்பார்கள். அதன் முகத்தில் சிவப்பு எண்கள் எப்போதும் முப்பது என்றே காட்டும். வெங்கடேஷின் ஒவ்வொரு தாளிலும் முப்பது டிகிரி என்றுதான் இருக்கிறது.

அவள் குணாவைத் தேடிப் போனாள். அவர் பின்பக்கம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளாக வந்து பேசியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"குணாண்ணா, ஓவன் எப்பவாவது ரிப்பேர் ஆச்சா?"

"ஓவனா? அது கராப் ஆகித்தானே கிடந்துச்சு மேடம். இன்ஜினியர் வந்தாரில்ல, நீங்க சேர்றதுக்கு முன்னாடி, வெங்கடேஷ் போன பிறகு."

கருவிகளைப் பழுது பார்க்கும் இன்ஜினியர் மெயின்லேண்டிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஊரில் உள்ள ஆய்வகங்கள் எல்லாம் சேர்ந்து அவருக்கு விமான டிக்கெட் போடும். வந்தால் எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

"அவரு சும்மா திறந்து பார்த்தாரு," என்றார் குணா. "ஹீட்டர் எரிஞ்சு போயிருக்கு, வருஷக்கணக்கா இருக்கும்னாரு. காண்ட்ராக்ட்ல ஓவன் இல்லையாம். பேப்பர் போட்டா சென்னைக்குப் போய்த் திரும்பி வரணும். நான் ஜங்லிகாட் மார்க்கெட்ல ரெண்டு நண்டு வாங்கிக் குடுத்தேன். அவ்வளவுதான், கையில இருந்த ஹீட்டரை மாட்டிட்டுப் போயிட்டாரு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"அரே, சொல்றதுக்கு என்ன இருக்கு மேடம்? நல்லாத்தானே ஆச்சு!"

சங்கவி ஓவன் முன்னால் வந்து நின்றாள். என்ன சூடு வேண்டும் என்று கேட்கிறோமோ அதைத்தான் அந்தச் சிவப்பு எண்கள் காட்டும். உள்ளே உண்மையில் என்ன சூடு இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெங்கடேஷ் அழுத்தியிருக்கமாட்டார். அவளும் இதுவரை அழுத்தியதில்லை. இப்போது அழுத்தினாள். முப்பது. ஹீட்டர் எரிந்து கிடந்தபோது உள்ளே அறைக் குளிர்தான் இருந்திருக்கும். இப்போது அந்த முப்பது உண்மை.

முத்துகிருஷ்ணன் அறை வாசலில் அவள் இரண்டு தடவை வந்து திரும்பினாள். மூன்றாம் தடவை அவரே கூப்பிட்டுவிட்டார்.

"சார், ஓவனை ஆஃப் பண்ணிட்டு, ஏ.சி.யைப் பதினெட்டுல வச்சு, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்."

"ஓவன் ஏன் ஆஃப் பண்ணணும்?"

அவள் நண்டுக் கதையைச் சொன்னாள். இரண்டு இடத்தில் குரல் அடங்கிப்போய்த் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. முத்துகிருஷ்ணன் முதலில் குணாவைத் திட்டினார். இன்ஜினியரைத் திட்டினார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பத்து டிகிரி வித்தியாசம்தானேம்மா. கொஞ்சம் முன்ன பின்ன வரும். ரெண்டு எப்படி ஒண்ணாகும்?"

"எல்லாக் குழாயிலயும் ஆகாது சார். இதுல ஆகலாம்."

"ஆகலாம்."

"ஆமா சார். பார்த்தாத்தான் தெரியும்."

"நாளைக்கு ஒரு நாள். சாயங்காலம் நீ எழுதிக் குடுக்கணும். வந்தாலும் வராட்டாலும்."

வியாழக்கிழமை காலையில் சங்கவி ஓவனை அணைத்துக் கதவைத் திறந்து வைத்தாள். ஏ.சி. உறுமியது. குணா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "காஷ்மீர் ஆகிப்போச்சு," என்று வெளியே போய்விட்டார். ஷோபாவுக்குச் சங்கவி முந்தைய நாளே போன் போட்டிருந்தாள். வரச் சொல்லவில்லை, சோதிக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். ஆனாலும் ஷோபா வந்தாள். ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதைப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது பெரிதாக இருந்தது.

"இவ்வளவு குளிருலயா உக்காந்திருந்தாரு?"

"தினமும் அக்கா."

"வீட்டுக்கு வந்தா ஃபேனைக்கூட வேண்டாம்பாரு. எனக்கு வேர்த்துக் கொட்டும்."

அவள் கைப்பையிலிருந்து அந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். ஏன் கொண்டுவந்தாள் என்று சங்கவி கேட்கவில்லை. வாங்கிக் குழாயின் பக்கத்தில் வைத்தாள்.

முதல் ஓட்டத்தில் ஒரு முகடு வந்தது. ஆனால் அதன் பின்பக்கச் சரிவு முன்போல வழவழவென்று இறங்கவில்லை. ஓரிடத்தில் தோள்பட்டை மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. சங்கவி எழுந்து திரைக்கு அருகே போனாள். குழாய் எஃகு. அது உள்வரைக்கும் குளிர நேரமாகும். இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அப்போது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் கருவியைத் தாங்கும், ஏ.சி.யைத் தாங்காது. கருவி ஓடிக்கொண்டிருக்க அறை மெதுவாகச் சூடாகியது. வெளியே குணா யாரிடமோ, "லைட் கப் ஆயேகா, கரண்ட் எப்ப வரும்?" என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். ஷோபா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வரலேன்னா என்ன எழுதுவீங்க?"

"வரலேன்னு."

"சரி." கொஞ்சம் கழித்து, "வராததை வந்துச்சுன்னு எழுதிடாதீங்க. அவருக்கு ஆகாது," என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்து போகவில்லை. குணா வாங்கிவந்த சமோசா தட்டிலேயே ஆறிக்கிடந்தது. கரண்ட் திரும்பி வந்தபோது முத்துகிருஷ்ணனும் வந்து கதவருகே நின்றார். ஏ.சி. மறுபடியும் உறுமத் தொடங்கியது. ஷோபா ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை சங்கவி அவசரப்படவில்லை. எண்ணெய்ப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அடியில் ஒரு மங்கல் தோன்றியது. பிறகு ஓரங்களில் வெண்மை ஏறியது. தெளிவான எண்ணெய்க்குள் வெள்ளை மெல்ல மெல்ல நடுவை நோக்கி வந்தது. கடைசியில் புட்டி முழுவதும் வெளுத்துவிட்டது.

ஷோபா அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்தாள். விழவில்லை.

"அதே எண்ணெய்தானே?"

"அதேதான் அக்கா. எதுவும் கலக்கல. குளிருல அடுக்கா நின்னுடுது, அவ்வளவுதான்."

"அந்தக் கடைக்காரன் பாவம்," என்றாள் ஷோபா.

சங்கவி குழாயைக் காட்டினாள். பேசும்போது அவளுக்கு வழக்கமாக வரும் தயக்கம் இல்லை. அதை அவளே கவனிக்கவில்லை. "இதுக்குள்ள மாவு மாதிரி சிலிக்காத் தூள் இருக்கு. ஒவ்வொரு துகள் மேலயும் இந்த எண்ணெய் மாதிரியே நீள நீளமா சங்கிலி ஒட்டியிருக்கு. ஒரு நுனி மட்டும் ஒட்டியிருக்கும். அதனால உருகினாலும் ஓடிப் போகாது. சூட்டுல துவண்டு கிடக்கும். அப்போ ஒல்லியானதும் அகலமானதும் ஒரே மாதிரி நுழைஞ்சு ஒரே நேரத்துல வெளிய வந்துடும். குளிருல எல்லாம் நிமிர்ந்து நெருக்கமா நிக்கும். அப்போ ஒல்லியானது மட்டும்தான் இடுக்குல போய் மாட்டும். அது பின்தங்கி வரும். அதுதான் ரெண்டாவது."

"நாங்க ஓவனைச் சரி பண்ணி அதை உருக்கிட்டோம்," என்றார் கதவருகே நின்ற முத்துகிருஷ்ணன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

சங்கவி மாதிரியைச் செலுத்தினாள். திரையில் கோடு தரையோடு தரையாக நகர்ந்தது. ஷோபா ஸ்வெட்டரின் கைகளை உள்ளங்கை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். கோடு உயரத் தொடங்கியது. ஏறியது. உச்சியைத் தொட்டு இறங்கியது. இறங்கிக்கொண்டே வந்து, ஏறக்குறைய தரையைத் தொடும் இடத்தில் நின்று, திரும்பவும் ஏறியது. சின்னதாக ஒரு முகடு எழுந்து அடங்கியது.

குணா வாசலில் நின்றபடியே, "தேக்கோ, பாருங்க," என்றார்.

சங்கவி வெங்கடேஷின் பழைய தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அச்சு அசலாக இல்லை. எந்த இரண்டு ஓட்டமும் அப்படி இருக்காது. ஆனால் பெரியது பெரியதாக இருந்தது, சின்னது சின்னதாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தாள். கெட்டது வரம்புக்குள்தான் இருந்தது. நிச்சயம் செய்துகொள்ள இன்னொரு முறை ஓட்டினாள். மறுபடியும் இரண்டு.

ஷோபா அழவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "அப்போ அவரு பொய் எழுதல."

"இல்லக்கா." சங்கவி கொஞ்சம் தயங்கினாள். இதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் அறிக்கையில் எழுதிய பிறகு வேறு யாராவது சொல்வார்கள். "ஆனா முப்பதுன்னு எழுதினது தப்பு. எல்லாத் தாள்லயும் அப்படித்தான் இருக்கு. ஓவன் உள்ள என்ன சூடுன்னு அவரு ஒரு தடவையும் பார்க்கல. அதையும் நான் எழுதணும்."

ஷோபா உறைந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க," என்றாள் கடைசியில். "தப்புப் பண்ணார்னு எழுதுங்க. நான் எத்தனையோ தடவை அவரைச் சொல்லியிருக்கேன், கேஸை மூடாமப் படுத்துடுவீங்க, கதவைப் பூட்ட மாட்டீங்கன்னு. அந்தப் பேரு அவருக்கு இருக்கட்டும். இன்னொரு பேரு வேண்டாம்."

சாயங்காலம் முத்துகிருஷ்ணன் அறிக்கையை இரண்டு முறை வாசித்தார். ஓவன் பழுதானது, பழுது யாருக்கும் தெரியாமல் போனது, சரிசெய்ததும் எங்கும் எழுதப்படாமல் போனது, குழாயின் குணம் குளிரில் மாறுவது எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. அலங்காரம் இல்லை. யார் மேலும் பழி போடவும் இல்லை.

"அந்தத் தாள் எல்லாத்துலயும் கீழ என் கையெழுத்தும் இருக்கும்மா."

"தெரியும் சார்."

"இந்த ஓவன்ல ஓட்டின மத்ததையும் திரும்பப் பார்க்கச் சொல்லுவாங்க. மாசக்கணக்குல ஆகும்."

"பார்க்கலாம் சார்."

அவர் பேனாவை எடுத்தார். உடனே போடவில்லை. "அவன் வந்ததும் 'என்னடா, ஊட்டிக்குக் கிளம்பிட்டியா'ன்னு கேப்பேன். தினமும். எல்லாரும் சிரிப்பாங்க. இந்த ஊர்ல ஒருத்தன் ஏன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வேலை பார்க்கிறான்னு எனக்கு ஒரு நாளும் தோணல. அவனும் குளிருதுன்னு ஒரு நாளும் சொல்லல." கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

சங்கவி பஸ் நிறுத்தம் வரைக்கும் ஷோபாவுடன் நடந்தாள். வானம் இருண்டு மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. ஷோபாவின் கையிலிருந்த புட்டியில் எண்ணெய் அதற்குள் உருகத் தொடங்கியிருந்தது. ஓரமெல்லாம் தெளிந்து, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மிதந்தது.

"எனக்கு அந்தப் படம் ஒண்ணு வேணுமே. குடுக்கலாமா? அக்காவுக்குக் காட்டணும்."

சங்கவி அதை முன்பே ஒரு பிரதி எடுத்துச் சுருட்டி வைத்திருந்தாள். சார் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். "அவங்களுக்குப் புரியுமா அக்கா?"

"ரெண்டு மலை இருக்கில்ல. அது போதும்."

வண்டூர் பஸ் வந்தபோது தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. ஷோபா ஸ்வெட்டரை விரித்து, தாளைச் சுருள் கலையாமல் அதன் நடுவில் வைத்துச் சுற்றினாள். ஒரு கையை மேலே மடித்தாள். நூல் பிரிந்த இன்னொரு கையையும் அதற்கு மேல் மடித்தாள். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.